உப்புக்காற்றும் மிளகளவு சென்சாரும்

சென்னையை அடுத்த நாவலூரில் ஏப்ரல் பிறந்துவிட்டால் ஏ.சி. மெக்கானிக்குகளின் போன் ஓயாது. வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும். "ஓடுது, ஆனா குளிரல" என்பது ஒன்று. "இருபத்தாறுல வச்சாலும் நடுங்க வைக்குது, கட் ஆகவே மாட்டேங்குது" என்பது இன்னொன்று. வந்து பார்ப்பவர் சொல்லும் பதில்களும் இரண்டுதான்: "கேஸ் கம்மியா இருக்கு சார்", "போர்டு போயிடுச்சு மேடம்". எந்தப் பதிலாக இருந்தாலும் செலவு ஆயிரக்கணக்கில் போகும். சில வீடுகளில் கேஸ் ஏற்றியும், போர்டு மாற்றியும், புகார் மட்டும் அப்படியே இருக்கும். அப்போது யாரும் சந்தேகிக்காத ஒரு பொருள் மிச்சமிருக்கிறது: இன்டோர் யூனிட்டின் முகப்புக்குப் பின்னால், மெல்லிய இரண்டு வயர்களின் நுனியில், மிளகளவில் இருக்கும் வெப்பநிலை சென்சார்.

ஏ.சி.யில் இதுதான் மிக மலிவான உறுப்புகளில் ஒன்று. கம்ப்ரசர் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதையெல்லாம் போர்டு தீர்மானிப்பது இது தரும் தகவலை வைத்துத்தான். சென்சார் அடியோடு செத்துப்போனால் பெரிய சிக்கல் இல்லை. போர்டே கண்டுபிடித்து, திரையில் ஒரு குறியைக் காட்டி நின்றுவிடும். உயிரோடு இருந்துகொண்டே இரண்டு மூன்று டிகிரி தவறாகச் சொல்லும் சென்சார்தான் மாதக்கணக்கில் ஆட்டம் காட்டும். கடலோர ஊர்களில் இந்த இரண்டாவது வகைக் கோளாறுக்குத் தனிக் காரணமும் இருக்கிறது.

மிளகுக்குள் என்ன இருக்கிறது?

இந்தச் சென்சாரின் பெயர் தெர்மிஸ்டர். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைப் பொடித்துக் கலந்து, அழுத்தி, சூளையில் சுட்டெடுத்த பீங்கான் துணுக்கு அது. இருபுறமும் வெள்ளிப் பூச்சு, அதில் ஒட்டிய வயர்கள், மேலே ஈரம் புகாமலிருக்க எபாக்சி உறை. அவ்வளவுதான்.

செம்புக் கம்பியைச் சூடாக்கினால் அதன் மின்தடை கூடும். டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். தெர்மிஸ்டர் இதற்கு நேர் எதிர். சூடு ஏற ஏற இதன் மின்தடை இறங்கும். உலோகத்தில் எலெக்ட்ரான்கள் ஏற்கெனவே தாராளமாகத் திரிகின்றன. சூடு கூடினால் அணுக்களின் அதிர்வு அவற்றின் ஓட்டத்துக்கு இடைஞ்சல் செய்கிறது. ஆக்சைடு பீங்கானிலோ எலெக்ட்ரான் ஓர் உலோக அயனியில் கட்டுண்டு கிடக்கிறது. அங்கிருந்து பக்கத்து அயனிக்குத் தாவ அதற்கு ஆற்றல் தேவை. சூடு அந்த ஆற்றலைத் தருகிறது. சூடு கூடக் கூடத் தாவல்கள் பெருகும், மின்தடை குறையும்.

இந்த வினோதத்தை முதலில் கவனித்தவர் மைக்கேல் ஃபாரடே. 1833இல் வெள்ளி சல்ஃபைடைச் சூடாக்கியபோது அது மின்சாரத்தை மேலும் நன்றாகக் கடத்துவதைக் கண்டார். அந்தக் காலத்தில் அதற்கு விளக்கமும் இல்லை, பயனும் இல்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1930இல், அமெரிக்காவைச் சேர்ந்த சாமுவேல் ரூபன் விற்பனைக்கு ஏற்ற தெர்மிஸ்டரை உருவாக்கினார்.

ஏ.சி.களில் பரவலாக இருப்பது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை. 5, 15, 20, 50 கிலோ ஓம் வகைகளும் உண்டு. மின்தடை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்குப் பீட்டா மதிப்பு என்று பெயர். 3950 என்பது அடிக்கடி காணப்படுவது. இந்த இரண்டு எண்கள் தெரிந்தால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். உருகும் பனிக்கட்டியின் 0 டிகிரியில் சுமார் 33 கிலோ ஓம், 5 டிகிரியில் 26, 25 டிகிரியில் 10, 30 டிகிரியில் 8, 50 டிகிரியில் வெறும் 3.6. அறையின் வெப்பநிலையில் ஒரு டிகிரி மாற்றத்துக்கு மின்தடை சுமார் நாலரை சதவீதம், அதாவது 440 ஓம் அளவுக்கு மாறுகிறது. ஆய்வகங்களில் மதிக்கப்படும் பிளாட்டினம் சென்சாரில் இந்த மாற்றம் டிகிரிக்கு 0.4 சதவீதம்கூட இல்லை. விலை மலிவு, மாற்றம் பெரிது என்பதால்தான் வீட்டு ஏ.சி. தெர்மிஸ்டரைத் தேர்ந்தெடுத்தது.

போர்டு பார்ப்பது டிகிரியை இல்லை

போர்டில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அது வோல்ட்டேஜை மட்டுமே அளக்கும். எனவே தெர்மிஸ்டரையும் 10 கிலோ ஓம் அளவுள்ள சாதாரண ரெசிஸ்டர் ஒன்றையும் தொடராக இணைத்து, இரண்டுக்கும் சேர்த்து 5 வோல்ட் கொடுக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் புள்ளியில் உள்ள வோல்ட்டேஜை மைக்ரோகன்ட்ரோலர் படிக்கிறது. அறை 25 டிகிரியில் இருந்தால் இரண்டும் சமம், நடுப்புள்ளியில் 2.5 வோல்ட். 35 டிகிரியில் அது 2 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கும். 5 டிகிரியில் 3.6க்கு ஏறும். சில போர்டுகளில் இந்த ஏற்ற இறக்கம் தலைகீழாக இருக்கும், தத்துவம் ஒன்றுதான். படித்த வோல்ட்டேஜை, நினைவகத்தில் உள்ள ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டு, "இப்போது 26 டிகிரி" என்று போர்டு முடிவு செய்கிறது.

வயர் அறுந்துவிட்டால் நடுப்புள்ளி 5 வோல்ட்டைத் தொடும். வயர்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டால் 0 வோல்ட். இந்த இரண்டு எல்லைகளும் எந்த வீட்டிலும் சாத்தியமில்லாத வெப்பநிலைகளைக் குறிப்பவை. ஆகவே போர்டு அதை நம்பாமல் பிழைக்குறி காட்டுகிறது. டைக்கினில் சி9 என்றால் அறைக்காற்றை அளக்கும் சென்சார், சி4 என்றால் இன்டோர் காயில் சென்சார். எல்.ஜி.யில் சி.எச். 01 அறைச் சென்சாரைக் குறிக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி அகராதி என்பதால், ஒரு பிராண்டின் குறியை வைத்து இன்னொரு பிராண்டுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது.

கவனிக்க வேண்டியது இதுதான்: 26 டிகிரி அறையை 24 என்று சொல்லும் சென்சார் எந்த எல்லையையும் மீறுவதில்லை. 24 டிகிரி என்பது நம்பத்தகுந்த எண். போர்டுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. திரையில் குறி இல்லாததாலேயே "சென்சார் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டுவது அதனால்தான் தவறாகப் போகிறது.

கடற்காற்று என்ன செய்கிறது?

நாவலூருக்குக் கிழக்கே கடல் இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. நடுவில் பக்கிங்காம் கால்வாயும் சதுப்பு நிலங்களும். தெற்கே முட்டுக்காட்டுக் கழிமுகம், கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் இடையே உப்பளங்கள். பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகள் எழுந்திருப்பது இந்தக் காற்றின் வழியில்தான். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறும்போது, அலை உடையும் இடத்தில் வெடிக்கும் குமிழிகளிலிருந்து தெறித்த நுண்ணிய உப்புத் துளிகளையும் சுமந்து வருகிறது. பெரிய துளிகள் கரையோரத்திலேயே விழுந்துவிடும். சிறியவை கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வரும்.

அடுக்களையில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்போம். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். இந்தக் கரையில் காற்று அவ்வளவு உலர்வது அபூர்வம். ஆகவே ஒரு கனெக்டர் மீது படிந்த கடல் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈரப் படலமாகவே பெரும்பாலான நேரம் இருக்கும். காயில் சென்சாரின் நிலை இன்னும் மோசம். ஏ.சி. ஓடும்போதெல்லாம் அது வியர்த்த செம்புக் குழாயை ஒட்டிக்கொண்டு நனைகிறது, நின்றால் காய்கிறது, மீண்டும் நனைகிறது.

அந்த உப்பு ஈரம் சென்சார் சுற்றில் இரண்டு விதமாகக் கை வைக்கும். இரண்டின் விளைவும் ஒன்றுக்கொன்று எதிர்.

முதலாவது, கனெக்டரின் பின் அரிப்பது. பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே ஆக்சைடோ உப்புச் சேர்மமோ படலமாகப் படிந்தால், அது தெர்மிஸ்டருடன் தொடராகச் சேர்ந்த கூடுதல் மின்தடை ஆகிறது. மொத்த மின்தடை கூடினால் போர்டு அதைக் "குளிர்" என்று படிக்கும். ஒரு கிலோ ஓம் கூடினாலே போதும்: 26 டிகிரி அறை போர்டுக்கு 23.8 ஆகத் தெரியும். ரிமோட்டில் 24 வைத்திருந்தால், "வேலை முடிந்தது" என்று கம்ப்ரசர் நின்றுவிடும். வீட்டில் இருப்பவர் வியர்த்துக்கொண்டே "குளிரல" என்பார். கேஸ் முழுசாக இருந்தும் கேஸ் மீது பழி விழும் இடம் இது.

இரண்டாவது, பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு இடையே, அல்லது விரிசல் விட்ட எபாக்சிக்குள், ஈர உப்பு ஒரு கள்ளப் பாதை போடுவது. மின்சாரத்தில் கொஞ்சம் தெர்மிஸ்டர் வழியாகப் போகாமல் இந்தக் குறுக்குப் பாதையில் போகும். மொத்த மின்தடை குறையும். போர்டு அதைச் "சூடு" என்று படிக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. தெர்மிஸ்டரின் மின்தடை குளிரில்தான் அதிகம் என்பதால், கசிவின் பாதிப்பும் குளிரில்தான் அதிகம். 50 கிலோ ஓம் அளவுக்குக் கசிவு இருந்தால், 25 டிகிரியில் பிழை நாலு டிகிரி. அதே கசிவில், உறையும் நிலைக்கு வந்துவிட்ட 0 டிகிரிக் காயிலைப் போர்டு 10 டிகிரி என்று படிக்கும். காயிலில் பனி கட்டாமல் கம்ப்ரசரை நிறுத்துவது காயில் சென்சாரின் முக்கிய வேலை. அந்தப் பாதுகாப்பு இங்கே பேசாமல் செயலிழந்துவிடுகிறது.

ஈரப் படலத்தின் ஊடே சில வோல்ட் மின்னழுத்தம் ஓயாமல் இருந்தால் அது ஒரு மின்பகுப்புக் கலம். நேர்மின்முனையில் வெள்ளி, செம்பு, வெள்ளீயம் போன்ற உலோகங்கள் கரைந்து அயனிகளாகி, எதிர்முனையில் மீண்டும் உலோகமாகப் படியும். நாளடைவில் அது கிளை விட்டு வளர்ந்து இரண்டு பின்களையும் இணைத்துவிடும். மின்பகுப்பின் விதிகளை வகுத்தவரும் ஃபாரடேதான். வெள்ளி சல்ஃபைடைக் கவனித்த அதே காலத்தில், 1833, 1834 வாக்கில். சென்சார் எப்படி வேலை செய்கிறது என்பதும், கடலோரத்தில் எப்படிச் சாகிறது என்பதும் ஒரே மனிதரின் ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்து வெளிப்பட்டவை.

அரிமானத்தைப் படிப்பதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாயிலும் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தியாவின் அரிமான வரைபடத்தைத் தயாரித்தது. ராமேசுவரம் அருகிலுள்ள மண்டபம் ஊரில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் காயப்போட்டு, எது எத்தனை வேகத்தில் கரைகிறது என்று அளந்ததும் அதே நிறுவனம்தான். பாலமும் கப்பலும் மட்டுமே அந்தப் பாடத்துக்கு உரியவை என்று நினைத்திருந்தோம். பால்கனியில் மாட்டிய அவுட்டோர் யூனிட்டும் அதே பாடத்தில்தான் இருக்கிறது.

எந்தச் சென்சார், என்ன அறிகுறி?

சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி.யின் இன்டோரில் இரண்டு சென்சார்கள் இருக்கும். அறைச் சென்சார், காற்று உள்ளே நுழையும் இடத்தில் ஃபில்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் பிடியில் மாட்டியிருக்கும். காயில் சென்சார், காயிலில் பற்றவைத்த சிறு செம்புக் குழலுக்குள் செருகியிருக்கும். இன்வெர்ட்டர் ஏ.சி. என்றால் அவுட்டோரிலும் சில உண்டு: வெளிக்காற்று, கண்டென்சர் காயில், கம்ப்ரசரிலிருந்து கொதிக்கக் கொதிக்க கேஸ் வெளியேறும் டிஸ்சார்ஜ் பைப் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக.

குளிராமல் நின்று நின்று ஓடினால், அறைச் சென்சார் குளிராகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் ரிமோட்டைப் பார்க்க வேண்டும். பல மாடல்களில் ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சென்சார் உண்டு. அந்த வசதியை யாராவது தெரியாமல் அமுக்கிவிட்டால், ரிமோட் கிடக்கும் இடத்தின் வெப்பநிலையே அறையின் வெப்பநிலை ஆகிவிடும். ஏ.சி. காற்று நேராக விழும் மேசையில் அது கிடந்தால், அறை குளிரும் முன்பே கம்ப்ரசர் நின்றுபோகும்.

நிற்காமல் ஓடினால் அறைச் சென்சார் சூடாகக் காட்டலாம். ஆனால் அறைக்குப் போதாத டன் அளவோ, இடுக்கு விட்ட ஜன்னலோகூட அதே அறிகுறியைத் தரும். காயிலில் பனி கட்டினால் முதல் சந்தேகம் அழுக்கடைந்த ஃபில்டர் மீதும், அடுத்தது கேஸ் குறைவு மீதும் விழுவது நியாயமே. இரண்டும் சரியாக இருந்தும் பனி கட்டுகிறது என்றால், காயில் சென்சாரைத் தேட வேண்டும். அது கெட்டுப்போகாமலே குழலிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருக்கலாம். அப்போது அது சொல்லும் எண் உண்மைதான். ஆனால் காயிலின் எண் இல்லை, பக்கத்துக் காற்றின் எண்.

கோளாறு எப்போது தொடங்கியது என்பதும் ஒரு துப்பு. ஜெட் வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாள் ஆரம்பித்தது என்றால், சென்சார் இடம் மாறியதா, கனெக்டருக்குள் தண்ணீர் போனதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மழை நாட்களில் மட்டும் வந்து, வெயிலில் மறைகிறது என்றால் அது ஈரக் கசிவின் கையெழுத்து.

பனிக்கட்டியும் ஒரு ரெசிஸ்டரும்

சந்தேகம் வந்துவிட்டால் உறுதி செய்ய மூன்று சோதனைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன் எம்.சி.பி.யை இறக்கி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். இன்வெர்ட்டர் அவுட்டோரின் கெப்பாசிட்டரில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும். சில போர்டுகளில் சென்சார் வயரே மெயின் லைனிலிருந்து பிரிக்கப்படாமல் இருக்கும். ஆகவே அவுட்டோரை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். இன்டோரிலும் கனெக்டரைக் கழற்றிய பிறகே மல்டிமீட்டரை வைக்க வேண்டும்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. இரவு முழுக்க ஏ.சி.யை ஓட்டாமல் விட்டு, காலையில் அறைச் சென்சாரையும் காயில் சென்சாரையும் அளக்க வேண்டும். பல மணி நேரம் சும்மா கிடந்த இயந்திரத்தில் காயிலும் காற்றும் ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்கும். இரண்டும் ஒரே வகைச் சென்சார் என்றால் ஒரே எண்ணைக் காட்டியாக வேண்டும். வெவ்வேறு வகை என்றால் அதனதன் அட்டவணைப்படி ஒரே டிகிரியைக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் ஒன்று தவறு. சாதாரணமாகத் தோன்றும் இந்த வாதத்துக்கு அடியில் வெப்ப இயக்கவியலின் பூஜ்ய விதி இருக்கிறது: மூன்றாவது பொருள் ஒன்றோடு தனித்தனியே வெப்பச் சமநிலையில் உள்ள இரண்டு பொருள்கள், தமக்குள்ளும் சமநிலையில் இருக்கும். மேகநாத் சாகாவும் பி.என். ஸ்ரீவஸ்தவாவும் எழுதிய வெப்பவியல் நூலைப் பற்றிப் பேசும்போதுதான் இயற்பியலாளர் ரால்ஃப் ஃபௌலர் இந்த விதிக்கு அப்படிப் பெயரிட்டார் என்று இன்னொரு இயற்பியலாளரான சோமர்ஃபெல்ட் குறித்திருக்கிறார்.

இரண்டில் எது தவறு என்று சொல்ல, யாராலும் மறுக்க முடியாத ஒரு வெப்பநிலை வேண்டும். அதுதான் இரண்டாவது சோதனை. சென்சாரை விரல்களால் பிடித்து மின்தடை இறங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம்தான். அது சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்று மட்டும் காட்டும். நாவலூரின் மே மாதத்தில் அதுவும் ஏமாற்றும். பூட்டிய அறையே 33 டிகிரியில் இருக்கும்போது, ஏறத்தாழ அதே சூடுள்ள விரல் நுனி எண்ணை அசைக்காது. ஆகவே ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவு நல்ல தண்ணீர். உப்பு சேரக் கூடாது; சேர்ந்தால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். சென்சாரின் தலையை மட்டும் முக்கி, கலக்கி, சில நிமிடம் பொறுத்தால் அது 0 டிகிரிக்கு வந்துவிடும். 10 கிலோ ஓம், 3950 வகை என்றால் 32 முதல் 34 கிலோ ஓமுக்குள் நிலைக்க வேண்டும். நிலைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால், எபாக்சி விரிசலில் நீர் புகுகிறது என்று பொருள்.

மூன்றாவது சோதனை போர்டுக்கு. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சுக் கோடுகள் போட்ட 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும். சென்சாரைக் கழற்றிய சாக்கெட்டில் அதைச் செருகி மின்சாரம் கொடுத்தால், போர்டைப் பொறுத்தவரை அறை அசையாமல் 25 டிகிரியில் இருக்கிறது. பிழைக்குறி மறைந்தால் குற்றம் சென்சாரிலோ வயரிலோ. மறையாவிட்டால்தான் போர்டைக் குறை சொல்ல முடியும். இந்தச் சோதனை செய்யாமல் போர்டு மாற்றச் சொல்வது, எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போடும் வேலை.

மாற்றும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் "டென் கே சென்சார்" என்று கேட்டால் கிடைப்பது எந்தப் பீட்டா மதிப்பு என்று பார்த்து வாங்க வேண்டும். 3950க்குப் பதில் 3435 வகையைப் போட்டுவிட்டால் 25 டிகிரியில் எல்லாம் சரியாகவே தெரியும். காயில் 0 டிகிரிக்குப் போகும்போது போர்டு அதை 3 டிகிரி என்று படிக்கும். கடையில் சோதித்தபோது நன்றாக இருந்த சென்சார், வேலை செய்ய வேண்டிய இடத்தில் தவறும்.

டெல்லியில் 52.9 டிகிரி

நம்பத்தகுந்த எண்ணைச் சொல்லி ஏமாற்றும் சென்சார், வீட்டுக்கு வெளியேயும் விளையாடியிருக்கிறது. 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸைப் பதிவு செய்தது. இந்தியாவில் அதுவரை காணாத வெப்பம் என்று செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அன்று டெல்லி வட்டாரத்தின் மற்ற நிலையங்கள் காட்டியது 45.2 முதல் 49.1 டிகிரி வரை. ஒரு நிலையம் மட்டும் தனித்து நின்றதே இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சந்தேகிக்க வைத்தது. துறை ஆட்களை அனுப்பி, தரம் உறுதி செய்யப்பட்ட கருவியின் அளவோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தது. முங்கேஷ்பூர் சென்சார் சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது தெரியவந்தது.

அங்கும் பிழைக்குறி எதுவும் எரியவில்லை. மே மாத டெல்லியில் 52.9 என்பது முற்றிலும் முடியாத எண் இல்லை. தவறு வெளிப்பட்டது இரண்டு வழிகளில்: பக்கத்து நிலையங்களோடு பொருத்திப் பார்த்ததும், நம்பகமான கருவியின் அளவோடு ஒப்பிட்டதும். இரவெல்லாம் ஓடாத ஏ.சி.யின் இரண்டு சென்சார்களை ஒப்பிடுவதும், ஐஸ் டம்ளரில் முக்குவதும் அதே இரண்டு வழிகள்தான். ஒற்றை எண் தன்னைத் தானே சரிபார்க்க முடியாது. அதற்கு வெளியிலிருந்து இன்னொரு எண் வேண்டும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கலாம்?

சிறு பிழைக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். ஏ.சி.யின் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. அதை வைத்துத்தான் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் ஆரம்ப அமைப்பாக 24 டிகிரியில் வர வேண்டும் என்று விதி வந்தது. உங்கள் சென்சார் இரண்டு டிகிரி சூடாகச் சொன்னால், நீங்கள் 24 என்று அமுக்கினாலும் இயந்திரம் 22ஐ நோக்கி உழைக்கும். 12 சதவீதத்துக்கு நெருக்கமான மின்சாரம் வீணாகும். சட்டம் போட்டு மிச்சம் பிடித்ததை, கனெக்டரில் படிந்த உப்பு திருப்பி எடுத்துக்கொள்ளும்.

கடலோர வீடுகளில் தடுப்பு எளிது. சர்வீஸின்போது சென்சார் கனெக்டர்களைப் பிளாஸ்டிக் கொண்டு மூடச் சொல்லலாம். முடிந்ததும் கனெக்டரைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று பார்த்து, கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, நன்கு காயவிட்டு மாட்டச் சொல்லலாம். காயில் சென்சார் குழலுக்குள் முழுதாகப் போய், கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை, அறைக்காற்று நுழையும் இடத்தில் ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரைக் கால் மணி நேரம் தொங்கவிட்டு, ஏ.சி. எந்த அளவில் நிற்கிறது என்று குறித்துவைக்கலாம். சில நிறுவனங்கள் மேலே தேங்கும் சூட்டுக்காக ஒன்றிரண்டு டிகிரியைக் கழித்துக் கணக்கிடுவதால் சிறு வித்தியாசம் இயல்பு. போன வருஷத்தைவிட அது மாறியிருக்கிறதா என்பதே கேள்வி.

அடுத்த முறை "கேஸ் கம்மி" என்று சொன்னால் அழுத்தம் எவ்வளவு என்றும், "போர்டு போச்சு" என்று சொன்னால் ரெசிஸ்டர் போட்டுப் பார்த்தீர்களா என்றும், "சென்சார் போச்சு" என்று சொன்னால் எத்தனை கிலோ ஓம், அப்போது அறை எத்தனை டிகிரி என்றும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கையில் மீட்டரை எடுத்திருப்பார். பில்லின் பின்பக்கத்தில் அந்த எண்களை எழுதி வாங்கி வையுங்கள். அடுத்த கோடையில் வருகிறவருக்கு, அவர் யாராக இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் இரண்டாவது எண்.